ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, வால்வும் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் நெஞ்சு இறுக்குகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56. மகாதமனி வால்வு சுருங்கிப்போனதால் நான்கு மாதங்களுக்கு முன் நெஞ்சைத் திறந்து மெக்கானிக்கல் வால்வு வைத்தார்கள். அறுவைக்கு முன் ஆஞ்சியோ எடுத்து, 'ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை' என்றார்கள். இரண்டரை மாதம் நன்றாகத் தேறி வந்தார். அதன் பிறகு மாடிப்படி ஏறினால் நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவது போல இறுக்கம். கீழ்த்தாடை வரை பரவுகிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. போன வாரத்திலிருந்து சமதரையில் நடந்தாலே வருகிறது. எக்கோ எடுத்தோம், வால்வு நன்றாக வேலை செய்கிறதாம். பக்கத்து மருத்துவர் இ.சி.ஜி. பார்த்துவிட்டு, 'தையல் வலியும் வாயுவும்தான்' என்று மாத்திரை கொடுத்தார். அம்மாவோ, 'வால்வு மாற்றுவதற்கு முன்பும் இப்படித்தான் வலித்தது. அப்போதே அடைப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்களே' என்று பெரிய மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். வால்வு அறுவையால் இதயத்தின் ரத்தக் குழாய் பாதிக்கப்படுமா? ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும்போது மறுபடி ஆஞ்சியோ எடுக்கலாமா? திரும்பவும் நெஞ்சைத் திறப்பார்களா? அறுவை செய்த மருத்துவரின் தவறா இது? என் அத்தைக்கும் தொடை வழியாக வால்வு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் இப்படி ஆகுமா?

பதில்:

சகோதரி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த அன்றே அம்மாவை இதயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுத்த மாதப் பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். படி ஏறினால் வந்த இறுக்கம் இப்போது சமதரையில் நடந்தாலே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி அதுதான். குறைந்த வேலைக்கே வலி வரத் தொடங்கினால், இதயத் தசைக்குப் போகும் ரத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறது என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, பத்து நிமிடம் ஓய்வெடுத்தும் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாகவே கொடுக்காதீர்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறார், மெக்கானிக்கல் வால்வு இருக்கிறது என்பதை வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எதைக் கொடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

இனி, உங்கள் அம்மா சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருப்பது போலத் தெரியும். அறுவைக்கு முன்பும் நெஞ்சு இறுக்கம் இருந்தது, ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. இப்போதும் அதே இறுக்கம், ஆகவே இப்போதும் அடைப்பு இல்லை என்று கணக்குப் போடுகிறார். ஆனால் இரண்டு வலிக்கும் காரணம் வேறு. மகாதமனி வால்வு சுருங்கும்போது, அந்தச் சிறிய துவாரத்தின் வழியே ரத்தத்தைத் தள்ள இதயத்தின் இடது கீழறை மிகுந்த அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் இப்படி உழைத்து அதன் சுவர் தடித்துவிடுகிறது. தடித்த தசைக்கு ரத்தம் அதிகம் தேவை; ரத்தக் குழாய்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உழைக்கும் நேரத்தில் அந்தத் தேவைக்கு ஈடு கொடுக்க முடிவதில்லை. அடைப்பே இல்லாமல் இதய வலி வருவது அதனால்தான். வால்வை மாற்றியதும் அந்தப் பாரம் இறங்கிவிடுகிறது. உங்கள் அம்மாவுக்கும் இறங்கியது. இரண்டரை மாதம் வலியே இல்லாமல் இருந்தார். புது வால்வு நன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்போது அதே வலி திரும்பி வந்தால், பழைய காரணத்தைச் சொல்லிச் சமாதானப்பட முடியாது. புதுக் காரணம் ஒன்று இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

எங்கே தேடுவது என்பதைப் புரிந்துகொள்ள அந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி, வால்வுக்கு மேலே சற்று உப்பித் தொடங்குகிறது. அந்த உப்பலின் சுவரில்தான் இதயத்துக்கே ரத்தம் தரும் இரண்டு கரோனரி குழாய்களின் வாய்களும் இருக்கின்றன. வால்வின் அடித்தளத்திலிருந்து அவை பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். இடது பக்கத்து வாயின் அகலம் நான்கைந்து மில்லிமீட்டர். இடது கீழறையின் பெரும்பகுதி அந்த ஒரு வாயை நம்பித்தான் இருக்கிறது. வால்வு மாற்றும் அறுவை நடப்பது இந்த இரண்டு வாய்களின் வாசலிலேதான்.

அறுவை அரங்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மகாதமனியைக் குறுக்கே வெட்டித் திறந்து வேலை செய்ய வேண்டும். அதற்கு இதயத்தை நிறுத்த வேண்டும். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தை இதயத் தசைக்குள் செலுத்தினால் அது துடிப்பை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடும். நிறுத்தியிருக்கும் நேரம் முழுவதும் தசை சாகாமல் காப்பதும் அதுதான். மகாதமனி திறந்து கிடப்பதால், முனை மென்மையான ஒரு சிறு குழலை அறுவை மருத்துவர் கையில் பிடித்து நேராக அந்தக் கரோனரி வாயில் பொருத்தி திரவத்தைச் செலுத்துவார். ஒரு முறை இடது, ஒரு முறை வலது. திரவத்தின் வகையைப் பொறுத்து சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டியிருக்கும். அந்த முனை எவ்வளவு மென்மையாக இருந்தாலும், அழுத்தத்தோடு திரவம் பாயும்போது குழாய் வாயின் உட்படலம் கொஞ்சம் விரியலாம், உராயலாம். உடம்பு அந்தக் காயத்தை ஆற்றும். சிலருக்கு மட்டும் ஆறும் வேகத்தில் தசை செல்களும் நார்த்திசுவும் அளவுக்கு மீறி வளர்ந்து, வாய் உள்ளிருந்து தடித்துச் சுருங்கிவிடுகிறது. கொழுப்புப் படிந்து உண்டாகும் அடைப்பு இல்லை இது. ஆண்டுக்கணக்கில் வளர்வதும் இல்லை. வாரங்களில், மாதங்களில் வளர்ந்துவிடும். அறுவையான ஒன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வலியாகத் தலைகாட்டுவதே இதன் இயல்பு. உங்கள் அம்மாவின் கதை இந்தக் கால அளவில் அப்படியே பொருந்துகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. செயற்கை வால்வுகள் வந்த சில ஆண்டுகளிலேயே, 1967-இல், ராபர்ட்ஸ், மோரோ என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதைப் பதிவு செய்துவிட்டார்கள். மகாதமனி வால்வு மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை இது வரலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அரிதுதான். ஆனால் வந்தால் ஆபத்தானது. அதுவும் இடது வாய் என்றால் காலம் தாழ்த்த இடமே இல்லை. அரிது என்பதாலேயே பலருக்கு நினைவில் வருவதில்லை. முன்பு எடுத்த ஆஞ்சியோ அறிக்கையில் 'நார்மல்' என்று இருப்பதைப் பார்த்ததும், கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்து அந்தக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்த அறிக்கை பொய் இல்லை. ஆனால் அது அறுவைக்கு முந்தைய குழாயைப் பற்றிச் சொல்வது. அறுவைக்குப் பிறகு அந்த வாசலில் என்ன ஆனது என்று அதற்கு எப்படித் தெரியும்?

எக்கோவும் இ.சி.ஜி.யும் நன்றாக இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். எக்கோவில் வால்வைப் பார்த்தார்கள். வால்வு நன்றாக இருக்கிறது என்பது உண்மைதான், மகிழ்ச்சியான செய்தியும்கூட. நெஞ்சின் மேல் கருவியை வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவில் கரோனரி வாயின் சுருக்கத்தைத் தெளிவாகப் பார்க்க முடியாது. உலோகத்தின் நிழல் வேறு விழும். இதயச் சுவர் அசைவதும், ஓய்வாகப் படுத்திருக்கும்போது ரத்தம் போதுமானதாக இருப்பதால், சரியாகவே தெரியும். இ.சி.ஜி.யும் அப்படித்தான்: வலி இல்லாத நேரத்தில் எடுத்தால் மாற்றம் இல்லாமல் போகலாம். வால்வு நோயால் சுவர் தடித்தவர்களின் இ.சி.ஜி. முன்பே மாறியிருப்பதால், அதில் புது மாற்றத்தைப் பிரித்தறிவதும் எளிதில்லை. முடிந்தால் அடுத்த முறை வலி இருக்கும்போதே ஓர் இ.சி.ஜி. எடுக்கட்டும், அதன் மதிப்பு பல மடங்கு. ஆனால் அதற்காக வலியை வரவழைக்க வேண்டாம். யாராவது ட்ரெட்மில் சோதனை எழுதிக்கொடுத்தால், இடது கரோனரி வாயில் சுருக்கம் இருக்குமோ என்ற சந்தேகம் இருப்பதாகச் சொல்லி, தேவைதானா என்று கேளுங்கள். இந்த நிலையில் ஓடவைத்துப் பார்ப்பது ஆபத்து.

தையல் வலி, வாயு என்று சொன்ன மருத்துவரைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. நெஞ்சைத் திறந்த அறுவைக்குப் பிறகு நெஞ்சு வலி இல்லாதவர் யார்? பெரும்பாலும் அது எலும்பு வலிதான். ஆனால் அதன் குணம் வேறு. பிளந்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு வலித்தால், இருமும்போது, தும்மும்போது, படுக்கையில் புரளும்போது சுள்ளென்று வலிக்கும். விரலால் அழுத்தினால் இன்ன இடம் என்று காட்ட முடியும். வாரங்கள் போகப் போகக் குறையும். இதய உறை அழற்சி என்று ஒன்று உண்டு. அறுவையான சில வாரங்களில் லேசான காய்ச்சலோடு வரும், மூச்சை இழுத்தால், மல்லாந்து படுத்தால் அதிகமாகும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் இதமாக இருக்கும். உங்கள் அம்மாவின் வலி நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது, தாடைக்கு ஏறுகிறது, நாளுக்கு நாள் மிஞ்சுகிறது. எலும்புக்கோ வாயுவுக்கோ அம்மா நடக்கிறாரா நிற்கிறாரா என்பது தெரியாது. ரத்தம் போதாத தசைக்குத் தெரியும்.

இன்னொன்றையும் இன்றே பாருங்கள். வலிக்கென்று கொடுத்த மாத்திரையின் அட்டையை எடுத்துப் படியுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன், அசிக்ளோஃபெனாக் போன்ற பெயர் இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். அப்படிக் கசிந்து ரத்தசோகை வந்தாலும், அதுவே நடக்கும்போது இதயத்தை இறுக வைக்கலாம். அதனால் மருத்துவமனையில் ஹீமோகுளோபின், ஐ.என்.ஆர். (வார்ஃபரினால் ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்), சிறுநீரகச் செயல்பாடு, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இவற்றைப் பார்ப்பார்கள். நாடித்துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஐ.என்.ஆர். அடிக்கடி குறைந்து போயிருந்தால், வால்வில் ரத்தக்கட்டி உருவாகி அதிலிருந்து ஒரு துணுக்கு கரோனரி குழாய்க்குள் போய் அடைத்திருக்குமோ என்றும் யோசிக்க வேண்டும். ஆனால் அது வந்தால் பெரும்பாலும் திடீர் மாரடைப்பாகவே வரும். படிப்படியாக மிஞ்சும் வலியாக வராது. வால்வில் கிருமித் தொற்று வந்தாலும் இப்படித் துணுக்குகள் கிளம்பலாம். அம்மாவுக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்ததா என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வார்ஃபரினோடு ஆஞ்சியோ எடுக்கலாமா என்ற கேள்விக்கு: எடுக்கலாம். நீங்களாக ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆஞ்சியோ என்றதும் ரத்தம் கசியுமே என்று பயந்து வீட்டிலேயே வார்ஃபரினை நான்கைந்து நாள் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. மெக்கானிக்கல் வால்வு உள்ளவருக்கு அந்த நான்கைந்து நாளில் வால்வில் ரத்தம் உறைந்துவிடலாம். அது ஆஞ்சியோவால் வரும் எந்தக் கசிவையும்விட மோசமானது. மகாதமனி இடத்தில் இன்றைய மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்களுக்குப் பொதுவாக ஐ.என்.ஆர். 2 முதல் 3-க்குள் இருக்கச் சொல்வார்கள். மணிக்கட்டில் உள்ள தமனி வழியாக ஆஞ்சியோ செய்தால், அந்த அளவோடே பெரும்பாலும் செய்துவிட முடியும். கசிந்தாலும் அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். அளவு கூடுதலாக இருந்தால் எவ்வளவு குறைப்பது, இடையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். குழாய் புது வால்வுக்குள் நுழைந்து அதைக் கெடுத்துவிடுமோ என்றும் பயப்பட வேண்டாம். கரோனரி வாய்கள் வால்வுக்கு மேல் பக்கம்தான் இருக்கின்றன. வால்வைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை, மெக்கானிக்கல் வால்வைத் தாண்டுவதும் கூடாது.

ஆஞ்சியோ என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கலாம். வாய்ச் சுருக்கத்தைத் தேடும் ஆஞ்சியோவில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கதீட்டர் என்ற மெல்லிய குழாயின் முனை கரோனரி வாய்க்குள் பொருந்தியதும், அதன் முனையில் பதிவாகும் ரத்த அழுத்த அலையைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்போம். வாய் சரியாக இருந்தால் அலை மாறாமல் மேலும் கீழும் வீச்சோடு ஓடும். வாய் சுருங்கியிருந்தால், முனை அதற்குள் நுழைந்த கணமே அந்த அலை பொத்தென்று தாழ்ந்து தட்டையாகிவிடும். முனையே வாயை அடைத்துவிட்டது என்று அர்த்தம். உடனே பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். இழுக்காமல் சாயத்தைச் செலுத்தினால் இதயத்துடிப்பு தடம்புரளக்கூடும். இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. முனை சுருங்கிய இடத்தைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், அங்கிருந்து செலுத்தும் சாயம் குழாய் முழுவதும் அழகாக நிரம்பி, படத்தில் எல்லாம் நார்மலாகத் தெரியும். நோய் இருக்கும் இடம் மட்டும் கதீட்டரால் மறைந்துபோயிருக்கும். சாயம் வாயிலிருந்து மகாதமனிக்குள் திரும்பி வழிகிறதா என்று பார்ப்பது அதனால்தான். தேவைப்பட்டால் வாய்க்குள் நுழையாமல் மகாதமனியின் அடியிலேயே சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் விட்டும் அளப்பார்கள். ஆகவே ஆஞ்சியோ எடுக்கும் மருத்துவரிடம் 'வால்வு மாற்றி நான்கு மாதம் ஆகிறது, நடந்தால் தாடை வரை இறுக்கம், கரோனரி வாய் சுருங்கியிருக்குமோ என்று சந்தேகம்' என்ற ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது பெரிய உதவி. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து போனால் கண்ணில் படும்.

சி.டி. ஸ்கேன் மூலம் எடுக்கும் ஆஞ்சியோவும் இந்த வாய்களைப் பார்க்க நல்ல கருவி. குழாய் நுழைக்கும் ஆபத்து அதில் இல்லை. வலி மிஞ்சாமல் நிலையாக இருப்பவர்களுக்கு அதை முதலில் செய்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் அம்மாவின் வலி மிஞ்சிக்கொண்டிருக்கிறது. சுருக்கம் இருந்தால் அங்கேயே அடுத்த முடிவை எடுக்கும் வசதி இருப்பதால், அவர் போன்றவருக்கு நேரடி ஆஞ்சியோ பக்கமே என் மனம் சாய்கிறது. பார்க்கும் மருத்துவர் வேறு முடிவெடுத்தால் அதற்கும் காரணம் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபடி நெஞ்சைத் திறப்பார்களா? சுருக்கம் உறுதியானால் இரண்டு வழி இருக்கிறது. நெடுங்காலமாகச் செய்து வந்தது பை-பாஸ். இரண்டு வாய்களும் சுருங்கியிருந்தாலோ, சுருக்கம் கிளை பிரியும் இடம் வரை நீண்டிருந்தாலோ இன்றும் அதையே அதிகம் நினைப்பார்கள். ஆனால் நான்கு மாதத்துக்கு முன் திறந்த நெஞ்சில் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மறுபடி திறப்பது முதல் முறையைவிடக் கடினம். அதனால் மருந்து பூசிய ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. சுருக்கம் குழாயின் வாயோடு நின்றுவிட்டால் ஸ்டென்ட் நன்றாகவே பலன் தருகிறது. வாயிலேயே வைக்கும் ஸ்டென்டைத் துல்லியமாக வைக்க வேண்டும்: கொஞ்சம் உள்ளே தள்ளிப்போனால் வாயின் விளிம்பு ஸ்டென்டுக்கு வெளியே விட்டுப்போகும், அதனால் ஓரிரு மில்லிமீட்டர் மகாதமனிக்குள் நீட்டிக்கொண்டிருக்குமாறு வைப்பார்கள். சிலருக்கு அதற்குள்ளும் திசு வளர்ந்து மறுபடி சுருங்கலாம் என்பதால், முதல் ஆண்டில் வலி திரும்புகிறதா என்று கவனமாக இருக்க வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தால் மருந்துகளில் ஒரு சிக்கல் வரும். வால்வுக்கு வார்ஃபரின், ஸ்டென்டுக்குத் தட்டணுக்களைத் தடுக்கும் மாத்திரை. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் காலத்தை மருத்துவர்கள் முடிந்தவரை சுருக்குவார்கள். பிறகு வார்ஃபரினோடு க்ளோபிடோக்ரல் மட்டும் பல மாதங்கள் தொடரும். வயிற்றைக் காக்க ஒரு மாத்திரையும் சேர்ப்பார்கள். மலம் கருத்துப்போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே சொல்ல வேண்டும். வார்ஃபரினுக்குப் பதில் ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புது வகை மாத்திரை இருக்கிறதே என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். மெக்கானிக்கல் வால்வு உள்ளவர்களுக்கு டாபிகாட்ரன், அபிக்சபன் இரண்டையும் தனித்தனி ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆய்வுகளையுமே பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. உங்கள் அம்மாவுக்கு வார்ஃபரின்தான்.

மருத்துவரின் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருப்பது தெரிகிறது. கேட்க உரிமை உண்டு. தெரிந்த, எழுதப்பட்ட ஒரு பின்விளைவு இது. மிகுந்த கவனத்தோடு செய்த அறுவையிலும் வருகிறது. அந்தக் குழலை வாயில் பொருத்தித் திரவம் செலுத்தாவிட்டால் இதயத் தசைக்கே ஆபத்து. இதயத்தின் சிரை வழியாகப் பின்பக்கமிருந்து செலுத்தும் முறையும் உண்டு. ஆனால் வலது கீழறைக்கு அதனால் கிடைக்கும் பாதுகாப்பு குறைவு என்பதால் பலர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். குழலே படாத வாய்களிலும் சுருக்கம் வந்ததுண்டு. புது வால்வைச் சுற்றி ரத்தம் சுழித்துப் பாய்வதும், சிலரின் திசு மற்றவர்களைவிட அதிகமாகத் தழும்பேறும் இயல்பும் காரணமாக இருக்கலாம். ஆகவே இதை வைத்து ஒரு கையைக் குற்றம் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமானது: அறுவை செய்த மருத்துவருக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். என்ன வால்வு, என்ன அளவு, திரவத்தை எப்படிச் செலுத்தினார், கரோனரி வாய்கள் எப்படி இருந்தன என்பதெல்லாம் அவருடைய அறுவைக் குறிப்பில் இருக்கும். சுருக்கம் எங்கே என்று தேடுபவருக்கு அந்தக் குறிப்பைவிட நல்ல வழிகாட்டி இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பின் நகல், பழைய ஆஞ்சியோ படம் உள்ள குறுந்தகடு, ஐ.என்.ஆர். நோட்டு, எக்கோ அறிக்கை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பழைய ஆஞ்சியோவின் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படமே வேண்டும். அன்றைய வாயையும் இன்றைய வாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுருக்கம் மறைய முடியாது.

அம்மாவிடம் பேசும்போது பயமுறுத்த வேண்டாம். 'வால்வு கெட்டுவிட்டது' என்று நினைத்துத்தான் பலர் மருத்துவமனைக்கு வரவே பயப்படுகிறார்கள். வால்வு நன்றாக இருக்கிறது, இதயத்துக்கு ரத்தம் தரும் வாசலைத்தான் பார்க்கப் போகிறோம், கண்டுபிடித்தால் சரிசெய்ய வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். முன்பு நார்மல் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லுங்கள். அந்தச் சந்தேகமும் அவர் மனதில் இருக்கலாம். அதுவரை படி ஏற வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம், நடந்து காட்டச் சொல்லவும் வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வை மாற்றியவர்களுக்கு இந்த வாய்ச் சுருக்கம் பொதுவாக வருவதில்லை. அங்கே வேறு ஓர் ஆபத்து: இடது கரோனரியின் சுற்றுக் கிளை மைட்ரல் வால்வின் விளிம்பை ஒட்டியே ஓடுவதால், தையல் அதை இழுத்துவிடவோ கட்டிவிடவோ கூடும். ஆனால் அது பெரும்பாலும் அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதே இ.சி.ஜி.யிலும் எக்கோவிலும் தெரிந்துவிடும். மாதங்கள் கழித்து வீட்டில் வந்து நிற்பதில்லை.

உங்கள் அத்தை விஷயம். தொடை ரத்தக் குழாய் வழியாக வால்வு வைக்கும் முறையை 2002-இல் பிரான்சில் அலேன் க்ரிபியே முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தார். இன்று வயதானவர்களுக்கு அது மிகவும் நம்பகமான வழி. அதில் கரோனரி வாயில் குழல் எதுவும் பொருத்துவதில்லை, ஆகவே அம்மாவுக்கு வந்திருக்குமோ என்று நாம் சந்தேகிக்கும் அந்தத் தழும்புக்கு அங்கே வழியில்லை. ஆனால் அந்த முறையில் பழைய வால்வை வெட்டி எடுப்பதும் இல்லை. புது வால்வு விரியும்போது பழைய இதழ்கள் பக்கவாட்டில் ஒதுக்கப்படுகின்றன. வாய் மிகத் தாழ்வாக இருந்து, அந்த உப்பலும் குறுகலாக இருந்தால், ஒதுங்கிய இதழ் வாயின் மேல் படிந்து அடைத்துவிடலாம். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது நடக்கிறது. உடல் சிறிதாக உள்ள பெண்களுக்கும், முன்பே வைத்த திசு வால்வு தேய்ந்து அதற்குள்ளேயே இன்னொன்றை வைப்பவர்களுக்கும் வாய்ப்பு சற்று அதிகம். நல்ல விஷயம், இதை முன்கூட்டியே அளந்துவிட முடியும்: எல்லோருக்கும் முதலில் சி.டி. எடுப்பதன் ஒரு நோக்கமே இதுதான். வாயின் உயரம் 10 முதல் 12 மில்லிமீட்டருக்கும் குறைவு, உப்பலின் அகலம் 30 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் மருத்துவக் குழு எச்சரிக்கையாகிவிடும். வாயில் முன்கூட்டியே ஒரு கம்பியை வைத்துக்கொள்வது, பழைய இதழைக் கீறிவிடுவது, அல்லது திறந்த அறுவைக்கே போவது என்று மாற்று வழிகள் யோசிப்பார்கள். பிற்காலத்தில் அத்தைக்கு ஆஞ்சியோ தேவைப்பட்டால் வால்வின் கம்பிக்கூட்டைத் தாண்டி வாயைப் பிடிப்பது சிரமமாகலாம் என்பதும் உண்மை. ஆகவே இப்போதே கரோனரி குழாய்களில் அடைப்பு ஏதும் இருக்கிறதா, இருந்தால் வால்வுக்கு முன்பே சரிசெய்ய வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். நாள் குறிப்பதற்கு முன், சி.டி. அறிக்கையில் இடது வாயின் உயரம், வலது வாயின் உயரம், உப்பலின் அகலம் மூன்றும் என்ன எண் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.